பதினோரு ஒன்று

எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் அடுப்படிக்குப் போகிற வழியில் ஒரு சுவர் மட்டும் கறுப்பாக இருக்கும். புகை பிடித்துக் கறுத்தது அல்ல. கரித்தூளையும் ஊமத்தை இலைச் சாற்றையும் குழைத்து, கந்தல் துணியால் நானே பூசிக் கறுப்பாக்கியது. மழைக்காலத்தில் உதிரும், மறுபடியும் பூச வேண்டும். அதன் உச்சியில், என் கை எட்டாத உயரத்தில், சாக்குக்கட்டியால் போட்ட பதினோரு கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பால் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருத்தி, "என்னத்தா, பதினோரு நாளாத்தான் பால் வாங்குறியா?" என்று கேட்டே விட்டாள். அது பால் கணக்கு இல்லை. ஒவ்வொரு கோடும் ஒரு ஒன்று. சேர்த்து வாசித்தால் ஒரே எண்: ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடியே பதினோரு லட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. கல்யாணம் செய்துகொண்டது என் வீட்டுக்காரரை. குடித்தனம் நடத்தியது இந்த எண்ணோடு.

அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அவரிடம் படித்தவர்களே இப்போது கிழவர்களாகிவிட்டார்கள். தேனி பஸ் ஸ்டாண்டிலோ கல்யாண வீட்டிலோ என்னைப் பார்த்தால், கும்பிட்ட கையோடு, "ஸார் அந்தக் கணக்க முடிச்சாகளாம்மா?" என்று கேட்கிறார்கள். முடித்தார் என்றால் விடை என்ன என்கிறார்கள். முடிக்கவில்லை என்றால் ஐயோ பாவம் என்கிறார்கள். இரண்டையும் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அதனால் ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

நான் ராயப்பன்பட்டியில் பிறந்தவள். நாங்கள் கோவிலுக்குப் போகிற குடும்பம்தான் என்றாலும், ஊரில் பள்ளிக்கூடம் என்றால் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம். அங்கே எட்டு வரைக்கும் படித்தேன். நீள வகுத்தல் எனக்கு நன்றாக வரும். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, ஏழால் வகுபடுமா என்று எப்படிப் பார்ப்பாய் என்பதுதான். வகுத்துப் பார்ப்பேன் என்றேன். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் அந்தப் பதில் பிடித்துப்போனது. அடுத்த தை மாதம் காமயகவுண்டன்பட்டிக்கு வாழ வந்துவிட்டேன்.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது விளங்காது. வெறும் ஒன்றுகளை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டே போனால் வரும் எண்கள்மேல் அவருக்கு அப்படியொரு பிரியம். ஐந்து ஒன்றை அதே ஐந்து ஒன்றால் பெருக்கினால் 123454321 என்று குமுளி மலை மாதிரி ஏறி இறங்கும். அதைக் காட்டித்தான் பள்ளிக்கூடத்துப் பையன்களை மயக்கி வைத்திருந்தார். ஆனால் அவர் மனதுக்குள் ஓடியது வேறு கேள்வி. இவற்றில் எது உடையாது? அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது? அதைத்தான் புத்தகத்தில் பகா எண் என்பார்கள். இரண்டு ஒன்று, அதாவது பதினொன்று, உடையாது. மூன்று ஒன்று உடைந்துவிடும்: மூன்று பெருக்கல் முப்பத்தேழு. நான்கு ஒன்று பதினொன்றாலேயே உடையும். ஐந்து ஒன்று நாற்பத்தொன்றால். ஆறு பார்க்கவே வேண்டாம். ஏழு ஒன்று கொஞ்சம் தாக்குப்பிடித்து இருநூற்று முப்பத்தொன்பதில் உடைந்தது. எட்டு, ஒன்பது, பத்து எல்லாம் சின்ன வரிசைகளாகப் பிரிந்துவிடும். அடுத்து நிற்பது பதினோரு ஒன்று. இது உடையாது என்று அவர் நம்பினார். ஏன் என்று கேட்டால், "பாத்தாலே தெரியலையா?" என்பார். எனக்குத் தெரியவில்லை.

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஓடின. எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியம் ஒன்றுதான்: இன்னொருத்தியைக் கட்டிக்கொள்வது. என் மாமியாரை நான் அத்தை என்பேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வாக்கு என்றால் வாக்கு. தன் மகள், அதாவது என் நாத்தனார், அதே ஊரில் அடுத்த தெருவில் வாழ்ந்தாள். அவளுக்கு ஒரு பெண். அந்தப் பெண் சமைந்து சடங்கு சுற்றிய அன்று, பந்தலில் சொந்தபந்தம் முன்னால் வைத்து, "இவ என் மகனுக்குத்தான்" என்று அத்தை சொல்லிவிட்டார். அக்காள் மகளைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் உரிமை. நானும் அந்தப் பந்தலில் வெற்றிலைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். தட்டு கைநழுவவில்லை. அது ஒன்றுதான் அன்று என்னால் முடிந்த கெட்டிக்காரத்தனம்.

சித்திரையில் வீரபாண்டி அம்மன் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். ஆற்றங்கரையில் பொங்கல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது அத்தை பேச்சை எடுத்தார். வைகாசியில் முகூர்த்தம் இருக்கிறது, என்ன சொல்கிறாய் என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று, ஒன்று, ஒன்று என்று. பிறகு நிமிர்ந்து, "எனக்கு ஒரு நேர்த்தி இருக்குத்தா" என்றார்.

"என்னடா நேர்த்தி? எனக்குத் தெரியாம?"

"பதினோரு ஒண்ண எழுதி, அது எதாலயாச்சும் ஒடையுதான்னு பாக்கணும். பாத்து முடிக்கிற வரைக்கும் எந்தக் கல்யாணக் காப்பும் கையில ஏறாதுன்னு ஆத்தாளுக்கு நேந்திருக்கேன்."

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் சிரிக்க மாட்டார்கள். ஒருவன் தீச்சட்டி எடுக்கிறான், ஒருவன் மண்சோறு தின்கிறான், ஒருவன் உருண்டு வருகிறான். இவன் வகுக்கிறான், அவ்வளவுதான். ஆத்தாளுக்கு எது பிடிக்கும் என்று நாம் யார் சொல்ல? நேர்ந்துகொண்டவனை இடையில் நிறுத்தி மணவறையில் உட்காரவைத்தால் குடும்பத்துக்கே ஆகாது என்று அத்தை நம்பினார். பூசாரியும் காரணம் கேட்காமல் மஞ்சள் கயிற்றை எடுத்து அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டார். நேர்த்தி தீரும் வரை தாடி எடுக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். தாடியோடு வகுப்புக்குப் போனதற்கு ஹெட்மாஸ்டர் விளக்கம் கேட்டார். கணக்குப் போடுவதற்காக என்று சொன்னதும் அவர் அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஊர் திரும்பிய பிறகுதான் சுவர் கறுப்பானது. வேலை என்னவென்றால், இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, பதினோரு ஒன்றை வகுத்துப் பார்ப்பது. மீதி வந்தால் தப்பித்தது. மீதியே இல்லாமல் போனால் உடைந்தது. எது வரைக்கும் வகுக்க வேண்டும் என்றேன். ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரைக்கும், அதற்குமேல் தேவையில்லை என்றார். அதுவரைக்கும் எத்தனை பகா எண் என்றேன். ஏறக்குறைய பத்தாயிரம் என்றார். நான் அடுப்பை ஊதப் போய்விட்டேன்.

அவர் விடிந்ததும் ஒன்று போடுவார். பகலில் அவர் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது நான் ஒன்று போடுவேன். தீச்சட்டி எடுக்கிறவனுக்கு வீட்டார் கைத்தாங்கலாகப் போவதில்லையா, அது மாதிரி இதற்கும் போகலாம் என்று பூசாரியே சொல்லியிருந்தார். நடவு நாளிலும் அறுப்பு நாளிலும் தொடமாட்டோம். லோயர் கேம்ப் பக்கத்திலிருந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் வீட்டில் ஓர் ஆள் மிஞ்சாது. மற்ற நாளெல்லாம் வகுத்தல். சாதாரண வகுத்தலில் மேலிருந்து ஓர் இலக்கத்தை இறக்கும்போது மூன்று வரும், எட்டு வரும், கொஞ்சம் மாறுதலாக இருக்கும். இதில் எப்போதும் ஒன்று. இறக்கு ஒன்று, கழி. இறக்கு ஒன்று, கழி. பாத்திரம் விளக்குவதும் அப்படித்தான், துணி துவைப்பதும் அப்படித்தான். ஆனால் விளக்கிய பாத்திரம் பளபளக்கும். இதில் கடைசியில் ஒரு மீதி வரும், அதைத் துடைத்துவிட்டு அடுத்ததை எழுத வேண்டும். சாக்குக்கட்டித் தூள் குழம்பில் விழும். தோள்பட்டை கழன்றுபோகும். சில நாள் அந்தச் சுவரைப் பார்த்தாலே எனக்கு வாந்தி வருகிற மாதிரி இருக்கும். அத்தை அதைப் பார்த்து வேறு விதமாக நினைத்துச் சந்தோஷப்பட்டு, பிறகு ஏமாந்ததும் உண்டு.

அத்தைக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் மீதி என்றால் தெரியும். தினமும் ஒரு தடவை, முற்றத்தில் நிலக்கடலை தொலித்துக்கொண்டோ பருத்தியில் கொட்டை எடுத்துக்கொண்டோ இருக்கும்போது, "என்னத்தா, ஒடஞ்சிருச்சா?" என்று கேட்பார். "இல்லத்த" என்பேன். "ம்" என்பார். அது உடைந்த அன்றைக்கு என் வீட்டில் பந்தல் போடுவார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். உடையாமலே ஒரு லட்சத்து ஐயாயிரத்தைத் தாண்டினாலும் நேர்த்தி தீர்ந்ததுதான், அப்போதும் பந்தல்தான். ஆக நான் போடுகிற ஒவ்வொரு கணக்கும் என் சக்களத்தியை ஓர் அடி பக்கத்தில் கூட்டிவந்தது. போடாமல் இருந்தால் நேர்த்திக்குக் குற்றம். போட்டால் எனக்குக் கேடு. இப்படி ஒரு வேலையை எந்தப் பெண்பிள்ளையாவது செய்திருப்பாளா என்று நினைத்து நினைத்து எனக்கு ஆத்திரம் வரும். தெருவில் போனால் கேலி வேறு. "என்ன டீச்சரம்மா, வாத்தியார் நம்பரு இன்னும் கல்லு மாதிரித்தான் இருக்கா?" என்பார்கள்.

இரண்டாவது வருடமோ மூன்றாவது வருடமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ராயப்பன்பட்டிக்குப் போனார். அங்கே கணக்கில் பெரிய படிப்புப் படித்த சர்ச் சாமியார் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனது. திரும்பி வந்தவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். கேட்டதற்கு, "சாமியார் ஒரு குறுக்குவழி சொன்னாரு" என்றார். பதினோரு ஒன்றை உடைக்கக்கூடிய பகா எண் ஏதாவது இருந்தால், அது இருபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற எண்ணாகத்தான் இருக்க முடியுமாம். இருபத்து மூன்று, அறுபத்தேழு, எண்பத்தொன்பது என்று அந்த ஜாதி மட்டும் போதும். மற்றவற்றால் வகுத்துப் பார்ப்பதே வீண். காரணத்தையும் மண்ணில் எழுதிக் காட்டினார். எனக்குப் பாதி புரிந்தது. நன்றாகப் புரிந்தது இன்னொன்று: நாங்கள் அதுவரை போட்டதில் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கவே வேண்டாம்.

"அப்ப மிச்சம் சீக்கிரம் முடிஞ்சிருமே" என்றேன்.

"முடிஞ்சிரும்."

அவர் கால் கழுவப் போனார். வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டே, என் பக்கம் திரும்பாமல், "நமக்குக் குறுக்குவழி எதுக்கு? எல்லாத்தையும் போடுவோம். ஒண்ணு விடாம" என்றார். என்னை அவர் கொஞ்சிப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. பூ வாங்கி வந்ததும் இல்லை. இந்த ஒரு பேச்சுத்தான். அன்றிலிருந்து நேர்ந்த சொல்லுக்கும் பழுதில்லாமல், எனக்கும் கேடு வராமல், ஒன்பது வீண் வகுத்தலுக்கு நடுவே ஒரு நிஜ வகுத்தல் என்று நிதானமாகப் போனோம். அந்தப் பத்தாவது எண் வரும்போது மட்டும் ஒவ்வொரு கழித்தலையும் இரண்டு தடவை பார்ப்பேன். மீதி வந்ததும் சுவரிலேயே சாய்ந்து கொஞ்ச நேரம் நிற்பேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். உரிமைக்காரி என்பதால் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அம்மாவைப் பெற்றவளுக்குத் துணையாகக் கடலை தொலிப்பாள். வந்த புதிதில் அவளைக் கண்டாலே எனக்கு எரியும். மோர் கேட்டால் தண்ணீராகக் கொடுப்பேன். அவள் அதையும் குடித்துவிட்டுக் கடலை தொலிக்கப் போய்விடுவாள். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் கல்யாணமாகி இடுப்பில் பிள்ளையோடு வந்துவிட்டார்கள். இவள் மட்டும் பாவாடை தாவணியோடு எங்கள் முற்றத்தில் தேய்ந்துகொண்டிருந்தாள். ஒருநாள் அத்தை குளிக்கப் போயிருக்கும்போது பக்கத்தில் வந்து, "அத்த, இது என்னிக்கு ஒடையும்?" என்றாள்.

சுள்ளென்று வந்தது எனக்கு. "ஏன், அம்புட்டு அவசரமா?"

அவள் கண் நிறைந்துவிட்டது. "ஒடயவே கூடாதுன்னு நானும்தான் தெனமும் கும்புட்டுக்கிட்டு இருக்கேன். மாமா எனக்கு வாத்தியாரு அத்த. அவருகிட்டத்தான் வாய்ப்பாடு ஒப்பிச்சேன்."

நான் அடுப்படிக்குள் போய் அவளுக்குக் கெட்டி மோராகக் கொண்டுவந்தேன். அதற்குப் பிறகு அந்தச் சுவரைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் வீட்டில் இரண்டு பேர். சின்னமனூரிலிருந்து நல்ல இடம் ஒன்று அவளைக் கேட்டு வந்தது. பையன் தானாகவே பார்த்துப் பிடித்துப்போய் ஆள் அனுப்பியிருந்தான். என் நாத்தனார், "எங்க ஆத்தா வாக்குக் குடுத்துட்டாக, நான் எப்படிச் செய்வேன்" என்று திருப்பி அனுப்பினாள். இரண்டாவது தடவையும் வந்தார்கள். இரண்டாவது தடவையும் அதே பதில். வாக்குக் கொடுத்தவர் அத்தை; அவராக அதை மாற்றினால் பந்தலில் கூடியிருந்த சாதிசனம் காறித் துப்பும். மகளாக மாற்றினால் தாயை மதிக்கவில்லை என்று பேசும். என் வீட்டுக்காரர் மாட்டேன் என்றால் அக்காள் தம்பி உறவே அற்றுப்போகும். எல்லாருக்கும் ஒரே ஒரு சாக்குத்தான் மிச்சம். அது சுவரில் நின்றுகொண்டிருந்தது.

இடையில் அத்தைக்கு மலைக்காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் கிடந்தார். நான்தான் எல்லாம் பார்த்தேன். கஞ்சி ஊட்டினேன், படுக்கை மாற்றினேன், குளிர் வந்து உடம்பு தூக்கிப்போடும்போது மேலே படுத்து அமுக்கிக்கொண்டேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? எழுந்து உட்கார்ந்த பிறகும் அத்தை அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "என்னத்தா, ஒடஞ்சிருச்சா?" "இல்லத்த." "ம்." அந்த 'ம்' கொஞ்சம் மாறியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அதைக் கவனிக்கத் தெம்பில்லை.

அன்றைக்கு எடுத்த எண் இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது. இருபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிற ஜாதி. அவர் பள்ளிக்கூடம் போய்விட்டார். முற்றத்தில் அத்தையும் அந்தப் பெண்ணும் கடலை தொலித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் போட ஆரம்பித்தேன். ஐந்து தடவை போனது; கழித்தேன்; ஒன்றை இறக்கினேன். ஒரு தடவை. பிறகு மூன்று, இரண்டு, மூன்று. கடைசி ஒன்றை இறக்கியபோது ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்று நின்றது. ஒன்பது தடவை போகும் என்று தோன்றியது. ஒன்பதால் பெருக்கி அதற்கு நேர் கீழே எழுதினேன். ஒரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்று. மேலேயும் அதுவே, கீழேயும் அதுவே.

துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அதே. மூன்றாவது தடவை பெருக்கலாக மாற்றிப் போட்டேன். பதினோரு ஒன்றும் வரிசையாக வந்து நின்றது. போட வேண்டிய பத்தாயிரத்தில் நாங்கள் கால்வாசித் தூரம்தான் வந்திருந்தோம், அதற்குள் உடைந்துவிட்டது. துணியை எடுத்துத் துடைத்துவிடலாம், மீதி ஏழு என்று சொல்லிவிடலாம், கேட்பார் யாரும் இல்லை. ஆனால் ஆத்தாளுக்கு நேர்ந்த கணக்கு. அது மட்டும் காரணம் இல்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது. பயப்பட்டுப் பயப்பட்டு, பயப்படுவதிலும் அலுப்பு வந்துவிட்டது. எது வரவேண்டுமோ அது வந்து தொலையட்டும் என்று இருந்தது.

எப்போதும் கேட்கிற அதே நேரத்துக்கு அத்தை கேட்டார். "என்னத்தா, ஒடஞ்சிருச்சா?"

"ஒடஞ்சிருச்சு அத்த."

அந்தப் பெண்ணின் கை நின்றுவிட்டது. அத்தை கையிலிருந்த கடலையைத் தொலித்து, பருப்பை முறத்தில் போட்டார். இன்னொன்றை எடுத்தார், தொலிக்கவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தரம் பாத்துட்டேன்."

"மிச்சம்?"

"ஒண்ணும் மிஞ்சல அத்த."

அத்தை தன் பேத்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தலை குனிந்து கையிலிருந்த சாக்குக்கட்டித் தூளைச் சேலையில் துடைத்தேன். பந்தக்கால் எங்கே நடுவார்கள், அந்த முருங்கையை வெட்ட வேண்டியிருக்கும் என்று என்னென்னவோ ஓடியது மனதில்.

"இதைவிடப் பெருசு எதுவும் இருக்கா?" என்றார் அத்தை.

எனக்கு விளங்கவில்லை. "என்னத்த?"

"ஒண்ணுதான? இன்னும் நெறைய ஒண்ணு போட்டு எழுதுனா என்ன? இதைவிடப் பெருசா, லேசுல ஒடையாததா, ஒண்ணு இருக்கான்னு கேக்கேன். அவன் சின்ன வயசுல எல்லாத்துக்கும் நான்தான நேந்தேன்? மொட்டைக்கு நேந்தேன், காது குத்துக்கு நேந்தேன். பெத்தவ நேந்தா மகன் தீத்துத்தான ஆகணும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சாக்குக்கட்டியை மறுபடியும் எடுத்தேன். "பன்னெண்டு வேண்டாம் அத்த, மூணாலேயே ஒடஞ்சிரும். பதிமூணு இருக்கு."

"போட்டுப் பாரு."

பதின்மூன்று ஒன்றை எழுதி ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று போட்டுக்கொண்டே போனேன். உலை கொதிப்பதற்குள் ஐம்பத்து மூன்றில் மீதியில்லாமல் போய்விட்டது. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து, பொத்தல் என்று தெரிந்ததும் கீழே வைப்பார்களே, அந்த முகத்தோடு அத்தை, "சீ, இது ஆகாது. அடுத்தது சொல்லு" என்றார். பதினான்கும் பதினைந்தும் பதினாறும் பிரிந்துவிடும் என்றேன். பதினேழு எழுதினேன். நூறு வரைக்கும் உள்ள பகா எண்ணால் எல்லாம் போட்டேன். அசையவில்லை. அந்தப் பெண் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று, நான் கழிக்கும்போது விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தாள்.

"இது எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?" என்றார் அத்தை.

"பத்துக் கோடிக்கு மேல போகணும் அத்த. நீங்க, நானு, அவுக, எல்லாரும் போயிருவோம். இது நிக்கும்."

"அப்ப இதுதான்."

அத்தை எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, சாமி மாடத்துக்குப் போனார். ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து, வடக்குப் பார்த்துக் கும்பிட்டு, உரக்கச் சொன்னார். வீட்டுக்குள் சொல்வது போல அல்ல, தெருவுக்கே கேட்கட்டும் என்று. தன் மகன் பதினேழு ஒன்றை உடைத்துப் பார்த்து முடிக்கிற வரைக்கும் அவன் கையில் வேறு காப்பு ஏறாது. முடித்த அன்று இந்தக் காசை வீரபாண்டி உண்டியலில் கொண்டுவந்து போடுகிறேன் என்று. பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார். "ஓடிப்போயி ஒங்காத்தாகிட்டச் சொல்லு. மாமன் நேர்த்தி இந்தச் சென்மத்துல தீராது. சின்னமனூர்க்காரக இன்னொருக்கா வந்தாகன்னா சரின்னு சொல்லச் சொல்லு. வரலைன்னா ஆள் அனுப்பி வரச் சொல்லு." அவள் மடியிலிருந்த கடலைத் தோலெல்லாம் வாசல் வரைக்கும் கொட்ட ஓடினாள்.

நான் அத்தையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். கதையிலென்றால் அப்படித்தான் வரும். எனக்குத் தூக்கம்தான் வந்தது. அடுப்புப் பக்கத்திலேயே முந்தானையை விரித்துப் படுத்துவிட்டேன். வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பகலில் தூங்கியது அன்றுதான். உலையில் அரிசி போட்டுச் சோற்றை வடித்து இறக்கியது அத்தை.

சாயந்திரம் அவர் வந்தார். சுவரைப் பார்த்தார். விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார், பதினேழு. கேட்காமலே தெரிந்துகொண்டுவிட்டார். "எதுல?" என்றார். சொன்னேன். நின்றபடியே ஒரு தடவை தானும் போட்டுப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார். தாடியெல்லாம் நனைந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "நான் பொழச்சுக் கெடக்கேன், அந்தப் புள்ள பொழச்சுக் கெடக்கு. ஒங்களுக்கு அந்த நம்பரு போனதுதான் பெருசாப் போச்சாக்கும்?" என்று கத்திவிட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். "அது ஒடையாதுன்னு நம்பித்தான் ஒன்னைய அதுக்குப் பின்னால நிறுத்துனேன். ஒடையுறதுக்குப் பின்னால நிறுத்தியிருக்கேனே" என்றார்.

இதுதான் நடந்தது. அந்தப் பெண் சின்னமனூருக்கு வாழப் போனாள். அதற்கடுத்து எல்லையில் சண்டை வந்தது. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. அதற்குப் பிறகும் என்னவெல்லாமோ வந்தது. அவர் தாடியோடேயே வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தினமும் காலையில் பதினேழு ஒன்றுக்கு ஒரு வகுத்தல் போட்டார். நான் என் பங்கைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டேன், அவரும் கேட்கவில்லை. அத்தை போனார். அவரும் போய் வருடங்களாகிவிட்டன. சின்னமனூர்க்காரிக்குப் பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. எனக்கு எல்லாம் அவர்கள்தான்.

போன மாதம் அவளுடைய பேரன் வந்திருந்தான். மதுரையில் காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறான். வீட்டுக்குள் வரும்போதே, "அம்மாச்சி, ஒங்க பதினேழு ஒண்ணு ஒடஞ்சிருச்சு!" என்று கத்திக்கொண்டு வந்தான். இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்றால் மீதியில்லாமல் வகுபடுமாம். மெஷின் கண் மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டதாம். அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாத்தியார் ஐயாவிடம் சொல்ல முடியவில்லையே என்று வருத்தம் வேறு. நான், "மெதுவாப் பேசுடா. ஒங்க அப்பத்தா காதுல போட்டுராத, அவளுக்கு நெஞ்சு வலி இருக்கு" என்றேன். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டு ஐந்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகு சாமி மாடத்தடியில் போய் நின்றேன். மஞ்சள் துணி நிறம் வெளுத்து, முடிச்சு இறுகிப்போய்த் தொங்குகிறது. கணக்கு முடிந்துவிட்டது; நியாயமாகப் பார்த்தால் காசை எடுத்துக்கொண்டு வீரபாண்டிக்கு ஒரு நடை போய்விட்டு வரவேண்டும். கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். எனக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. அவர் போய்ச் சேர்ந்த இடத்தில் காப்போடு யார் யார் காத்திருக்கிறார்களோ, யார் கண்டது. முடிச்சு அப்படியே இருக்கட்டும்.